ஏழாம் நம்பர் மெஷின்

அத்தியாயம் 4

டிசைன் அறைக் கதவைத் திறந்த கையோடு எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அழுகின முட்டை நாற்றம். அதற்கு மேல் பழைய எண்ணெய்ச் சிக்கு. இரண்டையும் சேர்த்து ஏசி போட்டு மூன்று நாள் மூடி வைத்திருந்தார்கள்.

நான் முஹ்சின். பாகலூர் ரோட்டில் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தியவன். பெட்டியைக் கழற்றினால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று என்னிடம் கேட்க வேண்டும். பல்லி முட்டை, செத்த கரப்பான், எலி பெற்றுப் போட்ட குடும்பம், ஒரு தடவை பாதி கடித்த பாதுஷா. அத்தனையும் வெறுங்கையால் எடுத்து வீசியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட என் வயிற்றையே புரட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூங்கொடி அக்கா மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து, நன்றாக இழுத்து மோந்தார். இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து எரிந்த குடோன்களையும் கவிழ்ந்த லாரிகளையும் மோந்து மோந்தே வளர்ந்த மூக்கு அது. இப்போது ராயக்கோட்டை ரோட்டில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நான் உதவியாளன். கீழே பேக்கரியில் டீ சும்மா கிடைக்கும் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார். அது பொய் என்று இரண்டாம் நாள் தெரிந்தது.

“இந்த நாத்தம் என்னன்னு தெரியுதா?” என்று கேட்டார்.

“தெரியலக்கா. தெரிஞ்சிக்கவும் ஆசை இல்ல.”

“எனக்குத் தெரியும். ஆனா இது இந்த ரூமுக்குள்ள இருக்கக் கூடாது.”

 அவர் வழக்கம் அது. பாதியைச் சொல்லிவிட்டு மீதியை என் தலையில் கட்டுவார்.

விஷயம் இதுதான். ஓசூர் சிப்காட்டில் பாஸ்கரன் என்பவர் ஒரு டூல் ரூம் நடத்துகிறார். கார் பாகங்களை அடித்து எடுக்கிற இரும்பு அச்சுகளைச் செய்கிற இடம். உள்ளே இரும்பைத் தானாகச் சீவுகிற ஆறு சி.என்.சி. மெஷின். கண்ணாடி அறையில் அச்சுகளை வரைந்து பார்க்க ஒரு பெரிய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் போன வாரக் கடைசியில் செத்துப்போனது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ப்ராசஸரைக் குளிர்விக்கிற ட்யூப் அறுந்து, உள்ளே இருந்த திரவம் போர்டு முழுக்கக் கொட்டிக் கிடந்தது. அறுத்தது டிசைனர் ரஞ்சிதாதான் என்று பாஸ்கரன் முடிவு கட்டிவிட்டார்.

ரஞ்சிதாவுக்குச் சங்கரன்கோவில் பக்கம். இங்கே நான்கு வருஷ வேலை. பெங்களூரில் விமானப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்து, நாளைக் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரிஜினல் சர்டிபிகேட் கையில் இருந்தால்தான் சேர்ப்பார்கள். அந்த ஒரிஜினல்கள் அத்தனையும் பாஸ்கரனின் பீரோவுக்குள் இருக்கின்றன. சேரும்போதே வாங்கிப் பூட்டிக்கொள்கிற ஆள் அவர். மாட்டைக் கட்டிப்போடுகிற மாதிரி ஒரு வேலை. அவர் வாயில் அதற்குப் பெயர் பாதுகாப்பு.

‘கம்ப்யூட்டரை வேண்டுமென்றே நான்தான் கெடுத்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சர்டிபிகேட்டைத் தருவாராம். ஆனால் அந்தக் கடிதத்தின் நகல் பெங்களூர்க் கம்பெனிக்கும் போகுமாம். எழுதாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போலீசில் புகார். எழுதினாலும் வேலை போச்சு, எழுதாவிட்டாலும் போச்சு. காலையில் ரஞ்சிதா எங்கள் மாடியில் உட்கார்ந்து இதைச் சொன்னபோதே எனக்கு அந்த மனுஷன் முகத்தில் துப்ப வேண்டும் போல் இருந்தது. இப்போது மணி இரண்டரை.

பாஸ்கரன் உள்ளே வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. பாக்கெட்டிலிருந்து பேனா நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் குனியவில்லை. கண்ணாடிச் சுவரைத் தட்டி, நாற்பது அடி தள்ளி மெஷினில் நின்றிருந்த சென்னப்பனைக் கூப்பிட்டார். சென்னப்பன் பராமரிப்பு வேலை பார்க்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல். மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்து, ஓடி வந்து, பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டவர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் அவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். நாற்றத்துக்காக இல்லை.

பாஸ்கரன் செல்போனில் சிசிடிவி காட்சியைக் காட்டினார். சனிக்கிழமை மாலை ஐந்து பத்து. ரஞ்சிதா தனியாக இருக்கிறாள். திருப்புளியால் கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுகிறாள். உள்ளே கையை விடுகிறாள். அதற்கு அப்புறம் ஒரு மணி நேரத்தில் பவர் கட் ஆகி, கேமராவும் படுத்துவிட்டது. யாரும் போய் அதை எழுப்பவில்லை. இது போதாதா என்று கேட்டார். காரணமும் வைத்திருந்தார். எட்டு மாதம் முன்பு இந்தக் கம்ப்யூட்டரை வாங்கும்போது ரஞ்சிதா காற்றால் குளிர்விக்கிறது போதும் என்று சொன்னாளாம். இவர் லிக்விட்தான் வேண்டும் என்று வாங்கினாராம். தான் சொன்னதே சரி என்று காட்டுவதற்காகப் போகிற போக்கில் அறுத்துவிட்டாள் என்றார்.

“ஃபேனு மனுசனுக்குங்க. மெஷினுக்கு லிக்விட். என் சி.என்.சி. ஆறும் லிக்விட்லதான் ஓடுது. நேத்து வந்த பொண்ணு எனக்குச் சொல்லித்தருதா?”

ரஞ்சிதா கதவோரம் நின்றிருந்தாள். அழவில்லை, கெஞ்சவும் இல்லை. “நான் தொறந்தது நெசந்தான்க்கா. சூடு தொண்ணூத்தஞ்சுக்குப் போயிட்டு. எட்டு மாசத்துல எழுபதைத் தாண்டுனதே இல்ல. தூசி அடைச்சிருக்கான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல, மூடிட்டேன். சாருக்கும் வாட்ஸ்அப் போட்டேன்” என்றாள்.

பாஸ்கரன் அதற்கு என்ன பதில் அனுப்பினார் என்று அக்கா கேட்டார். ரஞ்சிதா போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கட்டை விரல் படம். அவ்வளவுதான்.

அக்கா என் பக்கம் திரும்பி, காற்றா லிக்விடா, எது சரி என்று கேட்டார். நான் பிறவியிலேயே காற்றுக் கட்சி. கடையில் பதினோரு வருஷம் அதைத்தான் விற்றேன். ஆனாலும் நியாயமாகவே சொன்னேன். ப்ராசஸர் என்பது ஒரு பிஸ்கட் அளவுச் சில்லு. முழு மூச்சில் ஓடினால் தோசைக்கல்லாகக் காயும். அதன் தலையில் தகடு தகடாக ஓர் அலுமினியக் கோபுரத்தை நிறுத்தி ஃபேன் வைப்பது ஒரு வழி. விலை குறைவு, ஒழுக அதில் ஒன்றும் இல்லை, தூசி அடைத்தால் ஏர்கன்னால் ஊதிவிடலாம். ஆனால் இரவு பகலாகக் கணக்குப் போடுகிற பெரிய ப்ராசஸர் என்றால் அது திணறும், சத்தமும் போடும். சின்ன பம்ப் வைத்து, இரண்டு ரப்பர் ட்யூபில் திரவத்தைச் சுற்றவிட்டு, பெட்டியின் மேலே இருக்கும் ரேடியேட்டரில் ஆற வைப்பது இன்னொரு வழி. பெரிய சூட்டுக்கு அது தாங்கும். கம்பெனியிலேயே நிரப்பி மூடித்தான் வரும், ஐந்தாறு வருஷம் தொட வேண்டாம். ஆனால் பம்ப் நின்றாலோ மூட்டு விட்டாலோ கதை முடிந்தது.

“ஆக ட்யூபு தானா விட்டிருக்கும்க்கா. லிக்விட்டோட புத்தியே அதான்” என்று தீர்ப்பும் சொன்னேன்.

“தீர்ப்பு அப்புறம் சொல்லு. முதல்ல கழட்டு.”

கழற்றினேன். சொல்லவே கூசுகிறது. கிராபிக்ஸ் கார்டின் மேல் திரிந்த மோர் மாதிரி ஒன்று காய்ந்து படிந்திருந்தது. இந்த மாதிரிக் கூலரில் கம்பெனி ஊற்றுகிற திரவம் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். இது வெள்ளை. ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருந்த பம்ப் கட்டியைப் பிரித்தேன். உள்ளே முடி அகலத்துக்குச் செம்புக் கால்வாய்கள் ஓடும், அதன் வழியாகத்தான் திரவம் போக வேண்டும். அந்தக் கால்வாய் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சளி. நிஜமாகவே சளி. என் விரலில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது. கருமம், நான் மத்தியானம் பிரியாணி சாப்பிட்டிருந்தேன்.

அக்கா ட்யூபைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஊறின தோல் மாதிரி உப்பி, கொழகொழவென்று இருந்தது. ரேடியேட்டரோடு சேருகிற மூட்டில் ட்யூபே நழுவி வெளியே வந்திருந்தது. அங்கிருந்து வெள்ளைக் கறை கோடாகக் கீழே இறங்கிப் போர்டு வரை ஓடியிருந்தது. ட்யூபின் நடுவில் ஒரு வெட்டு. பிளேடால் போட்ட நேரான வெட்டு. அதன் நேர் கீழே ஒரு சொட்டுக் கறை கூட இல்லை.

அக்கா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். சனிக்கிழமை வெட்டியிருந்தால் வெட்டின இடத்தில்தான் கொட்டியிருக்கும், மூட்டில் கொட்டாது என்றார். முதலில் மூட்டு விட்டிருக்கிறது. எல்லாம் ஒழுகித் தீர்ந்த பிறகு யாரோ காலி ட்யூபை வெட்டியிருக்கிறார்கள். அதுவும் கையெட்டுகிற இடத்தில், பார்த்ததும் கண்ணில் படுகிற மாதிரி.

பாஸ்கரன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்துக்கொண்டார். லிக்விட் கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், மட்டமான சரக்கு என்று ஆரம்பித்தார்.

அக்கா காதில் வாங்கவில்லை. மெஷின்கள் ஓடுகிற பக்கம் நடந்தார். மூன்றாம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீல டிரம். மூடியைத் தூக்கினார். உள்ளே பால் போல வெள்ளையாக, எண்ணெய் கலந்த தண்ணீர். இரும்பைச் சீவும்போது சூடு ஏறாமல் இருக்கவும் துரு பிடிக்காமல் இருக்கவும் மெஷினில் பீய்ச்சுகிற கூலண்ட் அது. என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். சாக்கடை நுரை பொங்கி நாறுகிற கெலவரப்பள்ளி அணை மதகுப் பக்கம் பஸ் போனாலே ஜன்னலைச் சாத்துகிற ஆள் நான். வேறு வழியில்லாமல் தலையை விட்டேன். அதே அழுகின முட்டை, கொஞ்சம் மெலிசாக.

“ரெண்டு நாள் ஓடாம நின்னாலே இது அழுகும். எந்த மெஷின் ஷாப்புக்கும் திங்கக்கிழமை காலைல போனா இந்த நாத்தம்தான் வரவேற்கும். நான் எத்தனை ஷாப்பு பாத்திருக்கேன். ரப்பருக்கு எண்ணெய் ஆகாது முஹ்சினு. ஊறி உப்பிப் போயி மூட்டு விட்டுருச்சு. சளி அடைச்சதுல சூடு ஏறியிருக்கு. உன் லிக்விட்டு மேல ஒரு தப்பும் இல்ல. அதுக்குள்ள இதை யாரோ ஊத்தியிருக்காங்க.”

என் கட்சி அந்த இடத்தில் தோற்றது. ஆனால் எனக்கு வேறொன்று உறைத்தது. டிசைன் மேசைக்குத் திரும்பி ஓடினேன். வந்ததிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது அது. கம்ப்யூட்டர் மேசைக் காலில் சணல் கட்டி ஓர் அட்டை தொங்கியது. ‘மெஷின் எண் 7 – தினசரி சரிபார்ப்பு’ என்று தலைப்பு. கீழே வரிசையாகக் கட்டங்கள். ஸ்பிண்டில் ஆயில் பார்த்தாச்சு. சீவல் அள்ளியாச்சு. கூலண்ட் அளவு பார்த்து நிரப்பியாச்சு. சி.என்.சி. மெஷின் அட்டையை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து, நம்பரை மட்டும் மாற்றிக் கம்ப்யூட்டருக்கும் கட்டிவிட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஏது ஸ்பிண்டில், ஏது சீவல்? ஆனால் எல்லாக் கட்டத்திலும் டிக். எல்லா டிக்குக்கும் நேராக ‘செ’ என்று ஒரு கையெழுத்து.

அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று அக்காவிடம் நீட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. பாஸ்கரன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அரை நிமிஷம் கூட ஆகவில்லை, முகம் மாறிவிட்டது.

“சென்னப்பனா. நான் அப்பவே நினைச்சங்க. படிக்காத ஆளு, என்ன வேணா ஊத்துவான். அவன்கிட்டயும் ஒரு லெட்டர் எழுதி வாங்கிரலாம்.”

அந்த ‘அவன்கிட்டயும்’ என்ற வார்த்தையைக் கவனித்தீர்களா? ரஞ்சிதாவை விடுவதாக உத்தேசமில்லை. இரண்டு கடிதம் சேர்ந்தால் இரட்டை லாபம் என்று அந்த நிமிஷத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். இப்படி ஒரு பிறவியோடு ஒரே கூரைக்குக் கீழே நிற்கிறோமே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. அதற்கு வழி செய்து கொடுத்தது நான் என்பது அதைவிட அருவருப்பு.

சென்னப்பன் வந்து நின்றார். சானமாவுப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், வேலையில் தமிழ். அட்டையைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னார்.

“நானு அதத் தொட்டதே இல்லீங்க. மாசம் பொறந்தா ஒரே நாள்ல எல்லாத்துக்கும் டிக்கு போட்டுருவன். எல்லா மெஷினுக்கும் அப்படித்தாங்க. சாருக்கும் தெரியும்.”

பாஸ்கரன் அதட்ட வாயைத் திறந்தார். அக்கா அட்டையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். இன்றைக்குத் தேதி பதினெட்டு. டிக் முப்பதாம் தேதி வரை போட்டிருந்தது.

“நாளைக்கு ஊத்துனதுக்கும் டிக்கு இருக்குது பாருங்க சார். அடுத்த வாரம் ஊத்துனதுக்கும் இருக்குது. இந்த அட்டை ஒண்ணே ஒண்ணுக்குத்தான் சாட்சி. இவரு எதையுமே ஊத்தல.”

நான் சிரித்துவிட்டேன். ரஞ்சிதா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்றே முக்கால்.

அக்கா எல்லோரையும் டிசைன் அறைக்குத் திரும்பக் கூட்டிவந்து, திங்கட்கிழமை காலை இந்த அறைக்குள் முதலில் வந்தது யார் என்று சென்னப்பனைக் கேட்டார். அவர் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நனகே கொத்தில்லா” என்று கன்னடத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். பயந்தால் மனுஷன் பாஷை மாறுவார் போலிருக்கிறது. அக்கா வற்புறுத்தவில்லை. கேள்வியை மாற்றினார். திங்கட்கிழமை குப்பையில் என்ன கொண்டுபோய்ப் போட்டீர்கள் என்று கேட்டார்.

இதற்குச் சென்னப்பன் சாதாரணமாகவே பதில் சொன்னார். ஒரு பை நிறைய பனியன் வேஸ்ட். மெஷின் துடைக்க வாங்குகிற துணிக் கழிவு. வெள்ளையாக ஊறி, பயங்கர நாற்றம். இந்த அறை வாசலில் கட்டி வைத்திருந்ததாம்.

“இங்க தரை தொடைக்கிறது யாரு?”

“நான்தாங்க.”

“அன்னிக்கும் நீங்கதான் தொடைச்சீங்களா?”

“இல்லீங்க. நான் வரும்போதே தொடைச்சிருந்துச்சி. இந்தக் கம்பெனில எனக்குச் சொல்லாம தரையத் தொடைச்சது அன்னிக்குத்தான். எனக்கே ஆச்சரியமாப் போச்சி.”

காலையில் ஷட்டர் சாவி யாரிடம் இருக்கும் என்று அக்கா கேட்கவே இல்லை. முதலாளியிடம்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்காத மனுஷன், மண்டி போட்டுத் தரை துடைத்திருக்கிறார். எவ்வளவு அவசரம் இருந்திருந்தால் அதைச் செய்திருப்பார்!

பாஸ்கரன் அசரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒழுகிக் கிடந்தது, துடைத்தேன், அதில் என்ன தப்பு என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நியாயமான கேள்விதான், அதனாலேயே எனக்கு எரிச்சல்.

“என் சொந்தக் கம்ப்யூட்டர்ல நானே எதுக்கும்மா எண்ணெய ஊத்தப் போறன்? பைத்தியமா எனக்கு?”

அக்கா கையில் இருந்த அட்டையை மறுபடி முதலிலிருந்து படித்தார்.  பாஸ்கரன் வெள்ளைத் தாளையும் அந்தப் பேனாவையும் மேசையில் வைத்து ரஞ்சிதா பக்கம் தள்ளினார். ஐந்து மணி வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே எழுது என்றார். ரஞ்சிதா கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

அக்கா ரஞ்சிதாவிடம் போய், ட்யூப் இவ்வளவு ஊற ஒரு மாதமாவது ஆகியிருக்கும், நீ இருக்கும்போது யாரும் இதில் ஊற்றியிருக்க முடியாது, இந்த இரண்டு மாதத்தில் நீ எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். ஒரே ஒரு நாள்தான் என்றாள். போன மாதம் நாலாம் தேதி. காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பெங்களூர் இன்டர்வியூவுக்குப் போன நாள். அன்றைக்கு இங்கே என்ன விசேஷம் என்று அக்கா சென்னப்பனைப் பார்த்தார். கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது என்றார். இரண்டு பேர், ஒவ்வொரு மெஷினாகப் போய் அட்டையைப் பார்த்து மார்க் போட்டார்களாம்.

“ஆடிட்டருக்குப் புடிச்சதையெல்லாம் எங்க ஒட்டுவீங்க?” என்றார் அக்கா.

சென்னப்பன் வாசலைக் காட்டினார்.

தொழிற்சாலைக்குள் நுழைகிற இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பலகை. மேலே ‘கைஸன்’ என்று எழுதியிருக்கும். வேலையில் செய்த சின்னச் சின்ன முன்னேற்றங்களைப் போட்டோவோடு ஒட்டி வைக்கிற பலகை. சிப்காட்டில் இது இல்லாத கம்பெனி கிடையாது. அதை நின்று படிக்கிற தொழிலாளியும் கிடையாது. நாங்கள் வரும்போது அதைத் தாண்டித்தான் வந்தோம். நானும் படிக்கவில்லை.

மூன்றாவது வரிசையில், நடுவில், வண்ணப் படம். பாஸ்கரன் கேமராவைப் பார்த்து முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர். இன்னொரு கையில் புனல். புனலின் மூக்கு கம்ப்யூட்டர் ரேடியேட்டரின் சின்ன மூடித் துளைக்குள் இருக்கிறது. டம்ளரிலிருந்து வெள்ளையாக இறங்குகிறது. கீழே டைப் அடித்திருந்ததை நான் சத்தமாகப் படித்தேன்.

“மெஷின் எண் ஏழு. கூலண்ட் நிரப்பும் புதிய முறை. யோசனை, திரு. பாஸ்கரன். செய்து முடித்தவர், திரு. பாஸ்கரன். முதல் பரிசு. பரிசு வழங்கியவர், திரு. பாஸ்கரன்.”

கீழே தேதி, கையெழுத்து, முத்திரை. நாற்பத்தைந்து நாளாகத் தொங்குகிறது.

“போலீசு கூட இவ்ளோ சுத்தமா எழுத மாட்டாங்கக்கா” என்றேன்.

பாஸ்கரன் பலகைக்கு முன்னால் நின்றபடியே பேசினார். ஆடிட்டர் அந்த அட்டையைப் படித்துவிட்டு, இந்த மெஷினுக்குக் கூலண்ட் எப்படி நிரப்புவீர்கள் என்று செய்து காட்டச் சொன்னானாம். அட்டை சும்மா ஜெராக்ஸ் என்று சொன்னால் மற்ற ஆறு அட்டையும் சும்மா என்று தெரிந்துவிடும். அதனால் மூடியைத் திருகி ஊற்றிக் காட்டினாராம். வெறும் தண்ணீர் என்றால் துரு பிடிக்கும் என்பதால் டிரம்மிலிருந்து எடுத்தாராம். ஆடிட்டர் பத்துக்குப் பத்து போட்டானாம். அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. சீ.

அதற்குள் ரஞ்சிதா பேசினாள்.  “நான் காத்து கேட்டது அதுக்குத்தான்க்கா. இங்க ஒரு மூடியத் தொறக்க முடிஞ்சா, தொறந்து எதையாவது ஊத்திருவாங்க. காத்த யாராலயும் ஊத்த முடியாதுல்லா.”

அக்கா பாஸ்கரனை விடவில்லை. முப்பது வருஷம் லேத்தில் நின்றவருக்குத் திங்கட்கிழமை கதவைத் திறந்ததுமே இது என்ன நாற்றம் என்று தெரிந்திருக்கும், அப்புறம் எதற்குப் பிளேடைத் தேடினீர்கள் என்று கேட்டார். பாஸ்கரன் முதலில் தரையைப் பார்த்தார். பிறகு எங்களையே சமாதானப்படுத்துகிற குரலில், ரொம்ப இயல்பாகச் சொன்னார்.

“எப்படியும் போற பொண்ணுதானங்க.”

 அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை என்பது அந்த முகத்திலேயே இருந்தது. ஒழுகினதைத் துடைக்கப் பனியன் வேஸ்ட், பழியைத் துடைக்க ஒரு பெண். துடைத்துவிட்டுப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டியதுதான். அறைக்குள் இருந்த சளியைத் தொட்டதை விட இந்த மனுஷன் பக்கத்தில் நிற்பதுதான் எனக்குப் பெரிய கொடுமையாக இருந்தது.

அக்கா அந்தப் போட்டோவைச் செல்போனில் எடுத்தார். ட்யூபின் வெட்டையும், முப்பதாம் தேதி வரைக்கும் போட்ட டிக்குகளையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். இந்த மூன்றையும் கஸ்டமர் கம்பெனிக்கு அனுப்ப ஐந்து மணி வரை காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே அனுப்பலாம் என்றார். பாஸ்கரன் சொன்ன அதே வார்த்தைகள்தான். குரலைக் கூட உயர்த்தவில்லை. பாஸ்கரன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.

பீரோ அவர் அறையில் இருந்தது. சாமி படத்துக்குக் கீழே. கதவைத் திறந்து, ‘ரஞ்சிதா’ என்று எழுதிய பிளாஸ்டிக் கவரை உருவி, முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். ரஞ்சிதா வாங்கி, மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, எட்டு செமஸ்டர், டிகிரி. எல்லாம் இருந்தது. நான் பெருமூச்சு விட்டு, போகலாமா என்று கேட்டேன்.

அவள் நகரவில்லை. பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்கரன் கதவைச் சாத்தப் போனார். ரஞ்சிதா கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தத் தட்டு முழுக்க அதே மாதிரி கவர்கள். ஒன்றன் மேல் ஒன்றாக, தூசி படிந்து. எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருந்தது. எண்ணினேன், பதினேழு. இப்போது இங்கே வேலை செய்கிறவர்கள் பத்துப் பேர் கூட இல்லை, மீதியெல்லாம் சர்டிபிகேட் இல்லாமலே வேலையை விட்டுப் போனவர்களுடையது. அக்கா முகத்தைப் பார்த்தேன். எரிந்த குடோனில் கூட முகம் சுளிக்காதவர், முதல் தடவையாகக் கையால் வாயை மூடிக்கொண்டார்.

ரஞ்சிதா எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளி மேசையில் வைத்தாள். பாஸ்கரனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே இருந்த கவரைத் துடைத்துப் பெயரைப் படித்தாள். போனை எடுத்து நம்பரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“அஜித்குமாரண்ணே, நான் ரஞ்சிதா பேசுதேன். பழைய டூல் ரூம் ரஞ்சிதா. உங்க டிப்ளமோ சர்டிபிகேட்டு இங்க இருக்குண்ணே. ஆமா, ஒரிஜினல்தான். என் கையிலதான் இருக்கு.”

 அந்தப் பக்கம் ஆட்டோ ஒன்றை ஓரங்கட்டி நிறுத்துகிற ஓசை கேட்டது. இப்பவே வரலாமா, உள்ளே விடுவார்களா என்று கேட்டது ஓர் ஆண் குரல்.

“வாங்க. நீங்க எல்லாரும் வந்து வாங்குற வரைக்கும் நான் இங்கனதான் உக்காந்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு, அவள் இரண்டாவது கவரை எடுத்தாள்.